அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது, ஆரியசாலையிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு தகப்பனார் காத்திருந்தார். சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபார மளிகைக் கடையொன்றில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருகிறவர் அவர். களியக்காவிளைக்கு அருகே பூர்வீக வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டின் பத்திரம் அன்று அவர் கையிலிருந்த பையில் இருந்தது.

"பிரதர், இதைப் பாங்கியில் வைக்கலாமா கூடாதா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அவருடைய மகள் செவிலியர். ஒன்பது ஆண்டு அனுபவம் உள்ளவள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. ஜெர்மனிக்குச் செல்ல விரும்பி அந்நாட்டு மொழியைப் படித்தாள். பி1 தேர்வில் வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய மூன்று பகுதிகளிலும் தேறிவிட்டாள். கேட்டல் பகுதியில் மட்டும் தவறிவிட்டாள். ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு 60 மதிப்பெண் வேண்டும். அவள் பெற்றது 53. அந்நேரத்தில்தான் ஒரு முகவர் வந்து சேர்ந்தார். ஆறு இலட்சம் ரூபாய் கொடுத்தால், கைவசமுள்ள ஏ2 சான்றிதழைக் கொண்டே வேறொரு வழியாக அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

"அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்கிறார், பிரதர். மொழிதானே! நாமெல்லாம் மலையாளம் படித்துவிட்டா இங்கே வந்தோம்?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. இந்த இதழை வாசிக்கிற உங்களில் அநேகர் சொந்த ஊரை விட்டு ஒரு நகரத்திற்கு வந்து குடியேறியவர்கள். உங்கள் வீடுகளிலும் இன்று இதே கேள்வி எழுந்திருக்கலாம். ஆகவே அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன்.

கடைத்தெருவில் கற்ற மொழி

நாம் மலையாளம் படித்துவிட்டு இங்கே வரவில்லை என்பது மெய்தான். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூரின் திவானாயிருந்த ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்படுத்தியது. அதிலிருந்தே தமிழ் வணிகர்கள் இங்கே உண்டு. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரோடு சேர்ந்தே இருந்தது. நம் பாட்டனார்களுக்குத் திருவனந்தபுரம் அயல்நாடு அல்ல, தலைநகரம். இன்றும் ஆரியசாலையில் நின்று தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் வரும். மலையாளம் நமக்கு அக்காள் தங்கை மொழி. பாதி வார்த்தைகள் நம்முடையவை. மீதியைக் கடையில் நின்றே கற்றுக்கொண்டோம்.

ஆனாலும், அந்தப் பாதி அறிவு எனக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லுகிறேன். நான் இந்நகருக்கு வந்த இரண்டாம் ஆண்டு, என் தாயார் என்னுடன் தங்கியிருந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர். ஒரு நாள் விடியற்காலையில் உடல் வியர்த்து, கண்கள் இருண்டு, நிற்க முடியாமற்போயிற்று. ஆட்டோவில் ஏற்றி ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். "என்ன?" என்று கேட்டார்கள். தமிழ்ச் சொல்லையே மலையாளமாக்கி, "அம்மைக்கு மயக்கம்" என்றேன்.

தமிழில் மயக்கம் என்றால் தலைசுற்றி உணர்விழக்கும் நிலை. மலையாளத்திலோ அது கண்ணயரும் அரைத்தூக்கத்தையே பெரும்பாலும் குறிக்கும். இரவு தூங்காத முதியவர் அயர்ந்திருக்கிறார் என்று எண்ணி, படுக்க வைக்கச் சொன்னார்கள். நானும் படுக்க வைத்து, பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில் அவ்வழியே வந்த மார்த்தாண்டத்துச் செவிலியர் ஒருவர் தாயாரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இது தலைகறக்கமல்லவா! சர்க்கரை இறங்கியிருக்கிறது" என்று ஓடினார். அன்று என் தாயாரைக் கர்த்தர் காத்தார். தவறு மருத்துவமனையுடையதல்ல, நான் சொன்ன சொல்லைத்தான் அவர்கள் கேட்டார்கள். அக்காள் தங்கை மொழியிலேயே ஒரு சொல் இவ்வளவு தூரம் இட்டுச்செல்லுமானால், முற்றிலும் அந்நியமான மொழியில் என்ன ஆகும்?

ஹாலே நகரத்துச் சகோதரி

அந்தத் தகப்பனாரை உட்காரவைத்து, ஜெர்மனியின் ஹாலே நகரில் பணிபுரியும் நம் சபைச் சகோதரி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். 2023-இல் சென்றவர் அவர். ஹாலே, சாலே ஆற்றங்கரையிலுள்ள பழைய நகரம். இசைமேதை ஹேண்டல் 1685-இல் பிறந்த ஊர். ஆற்றின் மறுகரையில் 1964 முதல் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த ஹாலே-நொய்ஷ்டாட் பகுதியில், மலையாளச் செவிலியர் இருவருடன் ஒரே வீட்டில் தங்கினார். டிராம் வண்டியில் ஏறி மருத்துவமனைக்குப் போவார்.

"மாமா, பி1 தேறிவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் முதல் வாரமே வெட்கப்பட்டேன்" என்றார். பணிநேரம் 'அரை எட்டு' என்று சொன்னார்கள். நாமானால் எட்டரை என்று கொள்வோம். அவர்களுக்கோ அது ஏழரை மணி. எட்டை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்பது கருத்து. ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றார்.

எண்களிலும் இடறல் உண்டு. 25 என்பதை ஜெர்மானியர் 'ஐந்தும் இருபதும்' என்று சொல்லுவார்கள். 52 என்பதை 'இரண்டும் ஐம்பதும்' என்பார்கள். தொலைபேசியில் மருந்தின் அளவைக் கேட்டு எழுதுகிறவர் முதலில் காதில் விழுந்த எண்ணை முதலில் எழுதிவிட்டால், 25 என்பது 52 ஆகிவிடும். அது எழுத்துப் பிழையோடு நிற்காது. "ஒவ்வொரு எண்ணையும் திரும்பச் சொல்லி, அவர்கள் ஆமென்ற பின்பே எழுதுகிறேன்" என்றார்.

பின்பு அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. ஒரு மூதாட்டி கட்டிலிலிருந்து எழுந்து, 'ஷ்விண்டல்' என்று ஏதோ சொன்னாராம். அகராதியில் அச்சொல்லுக்கு முதலில் கண்ட பொருள் மோசடி. 'யாரோ தம்மை ஏமாற்றிவிட்டதாக இந்த அம்மாள் சொல்லுகிறார் போலும்' என்று எண்ணிப் புன்னகையோடு நகர எத்தனித்தார். அதற்குள் மூதாட்டி சுவரைப் பிடிப்பதைக் கண்டு தாங்கிக்கொண்டார். அச்சொல்லுக்குத் தலைசுற்றல் என்றும் பொருள் உண்டு; மருத்துவமனையில் அதுவே முதற்பொருள். எனக்கு மயக்கம் என்ற சொல் செய்ததை அவருக்கு ஷ்விண்டல் செய்துவிட்டது.

பி1 தேறியவருக்கே இப்படியென்றால், ஏ2-வுடன் போகிறவருடைய காரியத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முகவர் சொன்னதில் மெய்யும் பாதியும்

முகவர் சொன்னது முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் 'அங்கீகாரக் கூட்டாண்மை' என்ற வழி திறக்கப்பட்டது. அதன்படி ஏ2 அளவு மொழியறிவுடன் சென்று, வேலை செய்துகொண்டே தகுதிக்கு அங்கீகாரம் பெற முயலலாம். 2024 அக்டோபரில் ஜெர்மானிய அரசு இந்தியத் திறன்பணியாளருக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாகவும் அறிவித்தது. கதவு திறந்திருக்கிறது என்பது மெய்.

அவர் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். அந்நாட்டில் முழுத்தகுதியுள்ள செவிலியராகப் பதிவு பெற வேண்டுமானால் பொதுவாக பி2 நிலை தேவை. அதோடு, நம் படிப்புக்கும் அவர்கள் படிப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஈடுசெய்ய ஒரு பயிற்சியோ, அறிவுத்தேர்வோ முடிக்க வேண்டும். அதுவரை ஒன்பது ஆண்டு அனுபவமுள்ளவரும் உதவியாளரே. ஊசி போடவும் மருந்து கலக்கவும் பழகிய கை, படுக்கை விரிக்கவும் உணவு ஊட்டவும் மாத்திரம் அனுமதிக்கப்படும். ஊட்டுவதும் விரிப்பதும் இழிவான வேலையல்ல. ஆனால் எத்தனை மாதம் என்ற கேள்விக்கு விடை சொல்லுவது மொழி ஒன்றே. கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனத்தின் அறிவிப்புகளில், அங்கீகாரத்திற்கு முன் மாதம் 2,300 யூரோ அளவிலும், அதன் பின் 2,800 யூரோ அளவிலும் வரிக்கு முந்திய சம்பளம் குறிக்கப்பட்டிருந்தது. கடன் வாங்கிச் சென்றவருக்கு அந்த வித்தியாசம் சிறியதல்ல.

இன்னும் ஒன்று. ஜெர்மனியில் 2005-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைப்பு வகுப்புகளில், புதிதாக வந்தவரை பி1 நிலைக்குக் கொண்டுவரப் பொதுவாக 600 பாடவேளைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். நாள்தோறும் நான்கு பாடவேளை உட்கார்ந்தாலும் நூற்றைம்பது வகுப்பு நாட்கள் ஆகும். அதற்குமேல்தான் பி2. காலைப்பணி, பிற்பகற்பணி, இரவுப்பணி என்று மாறி மாறி நின்று, கால்கள் வீங்கி வீடு திரும்பி, பின்பு வகுப்பில் அமரவேண்டும். இங்கே தாய் சோறு சமைத்துத் தர, குழந்தை மடியில் இருக்கப் படிக்க முடியாத பாடத்தை அங்கே தனியாக எப்போது படிப்பது?

ஆறு இலட்சத்தைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற முகவர் ஒருவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் என்று விதி செய்யப்பட்டது. இவர் கேட்டது அதைப்போல் இருபது மடங்கு. முகவர் பதிவு பெற்றவர்தானா என்று அறிய, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் நம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. நோர்க்காவின் தலைமையகம் தைக்காட்டில், ஆரியசாலையிலிருந்து அதிக தூரமில்லை. 2021 டிசம்பரில் நோர்க்காவும் ஜெர்மனியின் கூட்டாட்சி வேலைவாய்ப்பு நிறுவனமும் 'டிரிபிள் வின்' என்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. அதில் தெரிந்தெடுக்கப்படும் செவிலியருக்கு இங்கேயே பி1 வரை மொழிப்பயிற்சி. கட்டணம் செவிலியர் தலையில் விழுவதில்லை. எல்லாருக்கும் இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பத்திரத்தை அடகு வைக்குமுன் அந்த வாசலைத் தட்டிப் பார்க்கலாமே. தமிழ்நாட்டிலுள்ளவர்கள் சென்னையிலுள்ள அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கலாம்.

நமக்கு முன் சென்றவர்கள்

இந்தப் பாதை புதியதல்ல. 1960-களிலேயே கேரளத்தின் இளம்பெண்கள் கத்தோலிக்க நிறுவனங்களின் வழியாகச் செவிலியப் பயிற்சிக்கும் பணிக்கும் ஜெர்மனிக்குச் சென்றார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பித் தங்கைகளை மணமுடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். பிற்பாடு கணவர்கள் போய்ச் சேர்ந்தபோது, அநேகருக்குச் சில ஆண்டுகள் வேலை செய்ய அனுமதியே கிடைக்கவில்லை. மனைவி நகரத்தோடு பேசினாள். கணவன் நான்கு சுவர்களோடு பேசினான்.

1980-களில் இலங்கைத் தமிழர்கள் அடைக்கலம் தேடி அந்நாட்டின் நகரங்களுக்கு வந்தார்கள். அவர்களுக்கு இன்றுள்ளதுபோல் ஒழுங்கான மொழி வகுப்புகள் இருக்கவில்லை. பள்ளிக்குப் போன பிள்ளைகள் மொழியைப் பிடித்துக்கொண்டார்கள். விளைவு என்ன? தாயின் வயிற்று நோயை ஆறாம் வகுப்புப் பிள்ளை மருத்துவருக்கு மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. பிள்ளையின் காதுக்கு எட்டக்கூடாத காரியங்களும் பிள்ளையின் வாய் வழியாகவே போயின.

இனி அதற்கும் முன்னே செல்லுவோம். ஜெர்மானியராகிய சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 24 வயது. அவர் ஹாலே நகரில் பயின்றவர். நம் சகோதரி இன்று டிராம் ஏறும் அதே ஹாலே! தமிழில் ஓரெழுத்தும் அறியாதவராய் வந்தார். பல மொழி அறிந்த ஒரு தமிழரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அத்தோடு நிறுத்தாமல், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடிந்தது. அங்கே தமிழ் அச்சு தொடங்குவதற்கான எழுத்துக்கள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தவை. 1716-இல் அவர் எழுதிய தமிழ் இலக்கணமும் ஹாலேயில் அச்சாயிற்று. அவருடைய ஐரோப்பியப் பயணத்தில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றிருந்தார். அந்நகரத்தின் பிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் காக்கப்படுகின்றன.

குமரி மாவட்டத்தார் மறக்கமுடியாத ரிங்கல்தௌபேயும் ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜெர்மானியரே. 1804-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், முதலில் தமிழைக் கற்றார்; 1806-இல்தான் மயிலாடிக்கு வந்தார். முதலில் மொழி, பின்பு பணி. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேலுக்கும் அரண்மனை வேலைக்கு முன்பு மூன்று ஆண்டு மொழிப்படிப்பு இருந்ததை நீங்கள் அறிவீர்கள்.

தமிழ் அறிந்தவருக்கு ஓர் அனுகூலம்

இதையெல்லாம் கேட்டு, ஜெர்மன் மொழி நமக்கு எட்டாதது என்று எண்ணிவிடாதிருங்கள். தமிழறிவு அநேக இடங்களில் கைகொடுக்கிறது.

முதலாவது, 'ஏனென்றால்', 'என்று' போன்ற சொற்களால் தொடங்கும் துணை வாக்கியங்களில் ஜெர்மன் வினைச்சொல் கடைசியில் போய் நிற்கும். ஆங்கிலத்தை வைத்துப் படிக்கிறவர் இங்கே தடுமாறுவார். நாமோ பிறந்தது முதல் வினையைக் கடைசியில்தான் வைத்துப் பேசுகிறோம். ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாக நினைக்காமல் தமிழின் வழியாக நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, நீ என்றும் நீங்கள் என்றும் நாம் வேறுபடுத்துவதுபோல் அவர்களும் 'டு', 'ஸீ' என்று வேறுபடுத்துகிறார்கள். நோயாளியையும் மருத்துவரையும் மூத்தவரையும் 'ஸீ' என்றே அழைக்கவேண்டும். அவர்களாகவே சொன்னாலொழிய 'டு' கூடாது. இந்த மரியாதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, சொற்களைச் சேர்த்துச் சேர்த்து எழுதும் வழக்கம். கையுறைக்கு அவர்கள் சொல் 'கைக்காலணி'. மருத்துவமனைக்கு 'நோயுற்றோர் வீடு'. பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பயம் பாதி போய்விடும். செவிலியருக்கு இன்று புதிய பதவிப்பெயர் வந்துவிட்டாலும், முதியவர்கள் இன்றும் 'ஷ்வெஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். அதற்குச் சகோதரி என்று பொருள். "சபையிலும் சகோதரி, வார்டிலும் சகோதரி, மாமா" என்று நம் ஹாலே சகோதரி சிரித்தார்.

கடினமானது பால் பாகுபாடு. நமக்கு உயர்திணையில்தான் ஆண், பெண் உண்டு. அவர்களுக்கோ கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமல்லாத பால். சிறுமி என்ற சொல்லும் இரண்டுமல்லாத பாலே! இதில் காரணம் தேடாமல், ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னொட்டோடு சேர்த்தே மனனம் செய்யவேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

உச்சரிப்பையும் அசட்டை செய்யாதிருங்கள். நியாயாதிபதிகள் காலத்தில் யோர்தான் துறையில் ஷிபோலேத் என்று சொல்லத் தெரியாமல் மடிந்தவர்களின் கதையை நாம் வாசித்திருக்கிறோம். இன்று யாரும் கொல்லமாட்டார்கள். ஆனால் மூன்று முறை திரும்பச் சொல்லியும் விளங்காவிட்டால் கேட்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார். பேசுகிறவர் மறுநாள் வாய் திறக்கமாட்டார். வாய் திறவாத நாட்கள் சேர்ந்துதான் தனிமை ஆகிறது.

காதைப் பழக்குங்கள்

அந்த மகள் ஏன் கேட்டலில் மாத்திரம் தவறினாள்? அவளிடமே கேட்டேன். புத்தகத்தை வைத்துக் கண்ணால் படித்தாள், காதால் படிக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதில் தமிழாக்கி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் ஓடிவிட்டது. அந்தத் தேர்வில் சில பகுதிகள் இருமுறை ஒலிக்கும். சில ஒரே முறைதான். நோயாளியும் வலியைப் பெரும்பாலும் ஒரே முறைதான் சொல்லுவார். ஆகவே தேர்வு அவளுக்குப் பகை அல்ல, எச்சரிப்பு.

அவளுக்குச் சொன்ன வழிகளை உங்களுக்கும் சொல்லுகிறேன். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே, 'நிக்கோஸ் வெக்' என்ற காணொளிப் பாடத்தை ஏ1 முதல் பி1 வரை இலவசமாகத் தருகிறது. நாள்தோறும் அரைமணி நேரம், எழுத்தைப் பாராமல் கேளுங்கள். பின்பு கேட்டதை உரக்கத் திரும்பச் சொல்லுங்கள். அதன் பின்பே எழுத்தைப் பாருங்கள். 1971 முதல் ஜெர்மானியச் சிறுவர்கள் பார்த்துவரும் 'எலியோடு ஒரு நிகழ்ச்சி' என்ற தொலைக்காட்சித் தொடரும் நல்லது. சிறுவருக்குரியது என்று வெட்கப்படவேண்டாம். சீகன்பால்கு சிறுவரோடு மணலில் உட்கார வெட்கப்படவில்லையே.

போய்ச் சேர்ந்த பின்பு

நகரத்தில் குடியேறுகிறவர் அறியவேண்டிய சில காரியங்களையும் ஹாலே சகோதரி அடுக்கினார். வீடு புகுந்த இரண்டு வாரத்திற்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யவேண்டும். வீட்டு உரிமையாளரின் கையொப்பமிட்ட சான்று அதற்கு அவசியம். அஞ்சற்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கடிதம் திரும்பிவிடும். முக்கியமான எல்லாமே கடிதமாகத்தான் வரும். ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ என்று ஒரு கடிதம் வந்தால் திகைக்கவேண்டாம். அது ஒரு வீட்டுக்கு ஒன்றே, ஆளுக்கு ஒன்றல்ல. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது. நம் முழங்கும் ஜெபத்திற்கும் இது பொருந்தும்! காகிதம், உணவுக்கழிவு, உறை, மற்றவை என்று குப்பையைப் பிரித்துப் போடவேண்டும். அவசரத்திற்கு 112.

"ஆனால் மாமா, என் பெரிய தவறு இவற்றில் ஒன்றுமில்லை" என்றார். முதல் ஆறு மாதம், வீட்டில் மூவரும் மலையாளமே பேசினார்கள். சமையலும் நம் சமையல், பாட்டும் நம் பாட்டு. ஜெர்மன் மொழி கதவுக்கு வெளியே நின்றது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். போர்வைக்குள் படுத்து, தொலைபேசியில் ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது ஒரு நாள், குப்பையைத் தவறான பெட்டியில் போட்டதற்காகக் கீழ்வீட்டு மூதாட்டி ஒருவர் கதவைத் தட்டினார். கடிந்துகொள்ளத்தான் வந்தார். இவரோ உடைந்த மொழியில் மன்னிப்புக் கேட்டு, எது எந்தப் பெட்டிக்கு என்று காட்டும்படி வேண்டினார். மூதாட்டி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பெயர் சொன்னார். அன்று முதல் வாரம் இருமுறை இவர் அந்த அம்மாளுக்கு ரொட்டி வாங்கிக்கொடுக்க, அவர் இவருடைய பேச்சைத் திருத்தினார். பி2 தேர்வில் தேறியதை முதலில் சொன்னது அவரிடம்தான். "அம்மாவிடம் அடுத்ததாகச் சொன்னேன்" என்றபோது அவருடைய குரல் சற்றே தழுதழுத்தது.

அயல்நகரில் இருக்கும் சகோதர சகோதரிகளே, தமிழ், மலையாள ஐக்கியங்களை விட்டுவிடாதிருங்கள்; அவை உங்களுக்குத் தாய்மடி. ஆனால் மாதம் இருமுறையாவது அந்த ஊர் மொழியில் ஆராதிக்கும் சபைக்கும் செல்லுங்கள். பெந்தெகொஸ்தே நாளில் அவரவர் தம் தம் மொழியில் கேட்டார்கள். நம் அயலாரும் தம் மொழியில் நம்மைக் கேட்கட்டுமே.

கடைசியாக அந்தத் தகப்பனாரைப் பற்றி. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "ஏழு மதிப்பெண்ணுக்கு ஆறு இலட்சமா" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு எழுந்தார். பத்திரம் பையிலேயே இருந்தது. மகள் கேட்டல் பகுதியை மாத்திரம் மறுபடியும் எழுதப்போகிறாள்; மற்ற மூன்றையும் திரும்ப எழுதவேண்டியதில்லை. நோர்க்காவிலும் விண்ணப்பிக்கப்போகிறாள். தேறுவாளா, இடம் கிடைக்குமா என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் இப்போது மாலையில் அவர்கள் வீட்டுப் பக்கம் போனால் ஜெர்மன் குரல் கேட்கிறது. கூடவே நான்கு வயதுக் குழந்தையின் குரலும் கேட்கிறது. தாய் பிழையாகச் சொல்லும் சொல்லைக் குழந்தை சரியாகச் சொல்லுகிறதாம்.

அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாமா என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டால், இப்படிச் சொல்லுங்கள்: அங்கே போயும் படிக்கவேண்டும், ஆனால் இங்கேயே தொடங்கியிருக்கவேண்டும்.

உங்களுக்காக ஜெபிக்கிறேன். கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த மாதம் சந்திப்போம்.